வரைபடத்திலேயே மிச்சமான பணம்: இராமநாதபுரத்துப் பொறியாளர் அலுவலகம் ஒன்றின் சேவை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், ஐந்து சென்ட் மனையில் 1,200 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டி, 2025 வைகாசியில் குடிபுகுந்தோம். மனையைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து தளம் போட்ட நாள் வரை எங்களுக்குத் துணைநின்ற கட்டட வடிவமைப்பு அலுவலகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. இராமநாதபுரம் நகரில் ஒரு பொறியாளரும் ஓர் உதவியாளரும் மட்டும் நடத்தும் சிறிய அலுவலகம் அது. ஆண்டுக்கு ஏழெட்டு வீடுகளுக்கு மேல் அவர்களால் எடுக்க இயலாது என்பதால், பெயரை எழுத வேண்டாம் என்று அந்தப் பொறியாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே அவர்கள் என்ன செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எங்கே தவறினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். இந்தக் கரையில் வீடு கட்டப் போகிறவர்கள், எந்தப் பொறியாளரிடம் போனாலும் கேட்க வேண்டியவற்றை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மனைகளை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்ல 3,000 ரூபாய். எல்லா வரைபடங்களுக்கும், எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்ற அளவுப் பட்டியலுக்கும் சேர்த்து 55,000 ரூபாய். வேலை நடக்கும்போது வந்து பார்க்க ஒரு வருகைக்கு 1,500 ரூபாய் வீதம் பதினாறு வருகைக்கு 24,000 ரூபாய். மொத்தம் 82,000 ரூபாய். மண் பரிசோதனைக்கான பணத்தை ஆய்வகத்துக்கு நாங்களே தனியாகக் கட்டினோம். கட்டுமானச் செலவில் இத்தனை விழுக்காடு என்று பேசாமல், தொகையாகப் பேசியது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. வீட்டின் செலவு ஏற ஏறத் தம் கட்டணமும் ஏறும் ஒருவரிடம், செலவைக் குறைக்கும் வழியைக் கேட்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

பொறியாளரே இல்லாமல் கொத்தனாரை மட்டும் நம்பி வீடு கட்டுவதுதான் எங்கள் குடும்பத்து வழக்கம். என் தந்தை 1993ஆம் ஆண்டு மண்டபத்தில் கட்டிய வீடு அப்படிக் கட்டப்பட்டதுதான். பதினைந்து ஆண்டுகளுக்குள் சன்ஷேடுகளின் அடிப்பக்கம் வெடித்து, கம்பி வெளியே தெரிந்தது. இருபதாம் ஆண்டில் கூடத்துத் தளத்திலிருந்து காரை பெயர்ந்து, என் தாயார் படுத்திருந்த கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்தத் தளத்தை இடித்துப் புதிதாகப் போட்ட செலவு, முதலில் அந்த வீடு முழுவதையும் கட்ட ஆன செலவைவிட அதிகம். ஒரு கட்டடத்தின் விலை கட்டி முடிக்கும் நாளில் முடிந்துவிடுவதில்லை என்பதை அன்று கற்றேன். இந்த முறை பொறியாளரைத் தேடிப் போனதற்கு அதுவே காரணம்.

நாங்கள் வாங்க இருந்த முதல் மனை, தென்கடலிலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் தொலைவில் இருந்தது. நாங்கள் பார்த்த இன்னொரு மனையைவிடச் சென்ட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் குறைவு என்பதால் ஐந்து சென்ட்டில் ஒன்றரை லட்சம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தோம். பொறியாளர் அங்கே வந்ததும், வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, இது எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் கேட்டார். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011இன்படி, ஊர்ப்புறக் கடற்கரையில் அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குத் தடை உண்டு. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மனை எந்த வகையில் வருகிறது என்பதை, கடலோர மண்டல வரைபடத்தை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். மனை விற்பவரின் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றார். 200 மீட்டரைத் தாண்டிவிட்டாலும் 500 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதியே. அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களும் வீட்டுச் செலவில் சேரும்.

அடுத்து அவர் தரைமட்டத்தைக் காட்டினார். மனை சாலையைவிட இரண்டரை அடி தாழ்ந்திருந்தது. வீட்டை மட்டும் உயர்த்திக் கட்டினால் போதாதா என்று கேட்டேன். "கட்டலாம் சார், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைச் சுற்றிக் குளம் நிற்கும், நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் செப்டிக் டேங்க் தண்ணீர் உறிஞ்சு குழிக்குள் இறங்காது, வீட்டுக்குள்தான் திரும்பி வரும்" என்றார். மனை முழுவதையும் சாலைக்கு அரையடி மேலே வருமாறு மூன்றடி நிரப்புவதாக வைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. மூன்றடி உயரத்துக்கு 6,534 கன அடி, அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் அறுபத்தைந்து யூனிட் கிராவல். இறுகும்போது அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் எழுபத்தெட்டு யூனிட். அன்று எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை, யூனிட்டுக்கு 3,000 ரூபாய். ஆக 2,34,000 ரூபாய்! நிரப்பிய மண் சரியாமல் இருக்கச் சுற்றிலும் எழுப்ப வேண்டிய தாங்கு சுவர் இதில் சேரவில்லை. ஒன்றரை லட்சம் மிச்சம் என்று நாங்கள் நினைத்திருந்த மனை, ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே எண்பத்து நாலாயிரம் ரூபாய் கூடுதலாகிவிட்டது.

இரண்டாவது மனை, கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, பனைகள் நிற்கும் மணல் மேட்டில் இருந்தது. மணல் என்றால் அஸ்திவாரம் நிற்காது என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். பக்கவாட்டில் அரிக்கப்படாமல் அடைபட்டுக் கிடக்கும் மணல் நல்ல தாங்குதிறன் உடையது என்பதை மண் பரிசோதனை அறிக்கையை வைத்து அவர் விளக்கினார். இதே மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண், ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடித்துச் சுருங்குவதால், அங்கே அதே அளவு வீட்டுக்குக் கடைக்காலிலேயே அதிகப் பணம் போய்விடும். எங்கள் மணலில் இருந்த இடையூறு வேறு. தோண்டத் தோண்டக் குழியின் பக்கம் சரியும். மழைக்காலத்தில் தோண்டினால் ஊற்று வந்துவிடும், பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஆகவே ஆவணியில் கடைக்கால் தோண்டி, ஐப்பசி பிறப்பதற்குள் பேஸ்மட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார். நாங்களும் அப்படியே செய்தோம். 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, எங்கள் பக்கமும் வெள்ளக்காடானது. மறுநாள் முதல் வேலையாக இரண்டு மனைகளையும் போய்ப் பார்த்தேன். மேட்டு மனையில் தண்ணீர் வடிந்து ஈரம் மட்டும் இருந்தது. முதல் மனையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒன்பது நாள் கழித்தும் அது முழுவதும் வடியவில்லை.

மனைக்கு அடுத்தது வரைபடம். என் மருமகன் கோயம்புத்தூரில் பார்த்த ஒரு வீட்டின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். முன்பக்கம் இரண்டு இடங்களில் துருத்திக்கொண்டும், பக்கவாட்டில் உள்வாங்கியும், பார்க்க மிக அழகாக இருந்த அந்த வடிவத்தில் பதினான்கு மூலைகள் இருந்தன. அதன் வெளிச்சுற்றளவை அளந்தபோது 186 அடி வந்தது. அதே 1,200 சதுர அடியை முப்பதுக்கு நாற்பது என்ற நேர்ச் செவ்வகமாக்கினால் சுற்றளவு 140 அடி. புழங்கும் இடம் ஓர் அடியும் குறையாமல் 46 அடி வெளிச்சுவர் குறைகிறது. பத்தடி உயரத்துக்கு 460 சதுர அடி ஒன்பது அங்குலச் சுவர். இருபுறமும் பூச்சு 920 சதுர அடி. அதற்குக் கீழே ஓடும் கடைக்கால், மேலே ஓடும் பெல்ட் காங்கிரீட், வெளியே அடிக்கும் வண்ணம் எல்லாமே அதோடு குறைகின்றன. பில்லர்கள் பத்தொன்பதிலிருந்து பன்னிரண்டாகின. கடற்கரையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: வெளிச்சுவர் குறைந்தால் உப்புக் காற்று படும் பரப்பும் குறைகிறது.

கூடத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் அதிக விவாதம் நடந்தது. நடுவில் பில்லர் இல்லாத இருபது அடி அகலக் கூடம் வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். ஒரு விட்டத்தின் மீது அடிக்கு இவ்வளவு என்று ஒரே சீரான சுமை இருக்கும்போது, அதை வளைக்கும் விசை இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பதினைந்து அடியை இருபது அடியாக்கினால் இடைவெளி கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வளைக்கும் விசை ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். கம்பியும் விட்டத்தின் ஆழமும் அதற்கேற்பக் கூடும். பொறியாளர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு வடிவங்களுக்கும் கம்பி எடையைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, முடிவை எங்களிடமே விட்டார். பதினைந்து அடியில் ஒத்துக்கொண்டோம். இன்று அந்தக் கூடத்தில் இருபத்தைந்து பேர் அமர்ந்து சாப்பிடுகிறோம். அகலம் குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் ஒரே சுவரின் இருபுறமும் அமைத்ததால், குழாய் நீளம் பாதியாகக் குறைந்தது. தளத்தில் விழும் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஆயிரத்து நூறு லிட்டர் தண்ணீர் கிடைக்கும் என்று கணக்கிட்டு, மழைநீர்த் தொட்டிக்கும் அதே பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

கட்டட அனுமதியில் சிரமம் இருக்கவில்லை. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், ஒரே பிற்பகலில் விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தார்கள்.

எந்தச் செலவையும் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காததுதான் இந்த அலுவலகத்தை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம். சுவரிலும் வடிவத்திலும் மிச்சப்படுத்திய பணத்தின் ஒரு பகுதியைக் காங்கிரீட்டில் போட வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நின்றார்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநூல், கடலோரச் சூழலில் வெளிப்பட்டு நிற்கும் காங்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, அதற்கு எம் 30 என்ற வலிமைத் தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடலும், தண்ணீருக்கும் சிமென்டுக்குமான விகிதம் 0.45க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த மூடலுக்காகக் கம்பியைத் தாங்கிப் பிடிக்க எங்கள் ஊரில் வழக்கமாக வைப்பது இருபது மில்லிமீட்டர் கவர் பிளாக். காற்றில் வரும் உப்பு, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், உள்ளிருந்தே காங்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. மண்டபத்து வீட்டில் நடந்தது இதுதான். கம்பிக்கு மேலே இருக்கும் மூடலின் கனம், அந்த உப்பு வந்து சேர வேண்டிய தூரம். அதைக் கூட்ட ஆகும் செலவு சிறிதுதான்.

எங்கள் கடற்காற்றின் கடுமையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல, பாம்பன் பாலத்தையே காட்டலாம். 1914இல் திறந்த பழைய இரயில் பாலத்தைப் பராமரிக்க எத்தனை தலைமுறைத் தொழிலாளர்கள் வண்ணம் அடித்திருப்பார்கள்! 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், அரிப்பைத் தடுக்கும் சிறப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராயும் தன் நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதும் இதே காற்றுக்காகத்தான். அந்த நிறுவனம் உருவாக்கிய சிமென்ட் கலந்த பூச்சுமுறை, சாதாரணக் கம்பிகளுக்கே உரியது. வீடு முழுவதற்கும் பூச்சுக் கம்பி தேவையில்லை என்று சொல்லி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று நேராக வந்து மோதும் தென்மேற்குப் பக்கத்துச் சன்ஷேடுகளுக்கும் வெளிப்பில்லர்களுக்கும் மட்டும் அதைப் பரிந்துரைத்தார்கள். சன்ஷேடுகளின் எண்ணிக்கையையும் பதினொன்றிலிருந்து ஆறாகக் குறைத்தார்கள்.

கீழக்கரையின் பழைய வீடுகள் இந்தக் காற்றில் நூறாண்டு கடந்தும் நிற்கின்றனவே என்று ஒரு நாள் கேட்டேன். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கனமான சுவர்களுக்குள் கம்பி இல்லை. கம்பி இல்லாத இடத்தில் துருவுக்கு வேலை இல்லை என்றார். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரின் பவளக் கற்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பவளப்பாறைகளை எடுப்பது இன்று சட்டப்படி குற்றம், அது சரியானதும்கூட. அந்தத் தீவுகளும் பாறைகளும் இல்லாவிட்டால் அலை நேராக நம் வாசலுக்கு வந்துவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையின் கட்டுமானச் செலவைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்தபோது லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் குளோரைடு இருந்தது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குத் தரநூல் அனுமதிப்பது 500 மில்லிகிராம். கடல் உப்பு வெளியிலிருந்து வர இருபது ஆண்டுகள் ஆகும் என்றால், இந்தத் தண்ணீரில் கலந்தால் முதல் நாளே நாமே உப்பை உள்ளே வைத்துக் கட்டுகிறோம். கலவைக்கும், பதினான்கு நாள் நனைப்புக்கும் லாரித் தண்ணீர் வாங்கினோம். செலவு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அளவுப் பட்டியலிலேயே அதைத் தனி வரியாக எழுதியிருந்ததால், நடுவில் திகைக்க வேண்டியிருக்கவில்லை. மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலில் ஈரம் இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும் என்று, மிக்சர் இயந்திரத்தின் பக்கத்திலேயே எழுதி ஒட்டினார்கள்.

குறைகளையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். முதலாவது, குழாய்க்கான வரைபடம் மூன்று வாரம் தாமதமாக வந்தது. அதற்குள் கொத்தனார் குளியலறைச் சுவரை எழுப்பிவிட்டார். பிறகு அதைக் கொத்தி எடுத்ததில் இரண்டு நாள் கூலி வீணானது. இரண்டாவது, தளம் போட்ட தை மாதக் காலையில் ஏழு மணிக்கு வர வேண்டிய பொறியாளர் ஒன்பது மணிக்குத்தான் வந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில், "அண்ணே, கலவை கெட்டியா இருக்கு, ஓடாது" என்று சொல்லி ஆட்கள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியதை நான் கண்ணால் பார்த்துத் தடுக்க வேண்டியிருந்தது. பதினாறு வருகைகளில் மற்ற எந்த நாளில் தாமதித்திருந்தாலும் பொறுத்திருப்பேன். தளம் போடும் நாள் அப்படிப்பட்டதல்ல. இதை அவரிடமே சொன்னேன். அந்த நாளுக்குரிய கட்டணத்தை வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

மூன்றாவது குறைதான் பெரிது. அவர்கள் கொடுத்த மதிப்பீட்டில் வீடு மட்டுமே இருந்தது. சுற்றுச்சுவர், செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு ஆகியவை எதிலும் வரவில்லை. வீட்டுக்கு 28 லட்சம் என்ற கணக்கு கடைசி வரை ஏறத்தாழ அப்படியே நின்றது பாராட்டத்தக்கது. ஆனால் வெளிவேலைகளுக்கு ஆன நான்கு லட்சத்தை, கையிருப்பு தீர்ந்த பிறகு திரட்ட வேண்டியிருந்தது. மனையைப் பார்த்த நாளிலேயே கிராவலுக்கு யூனிட் கணக்குப் போட்டவர்கள் இதையும் போட்டிருக்க முடியும். இவர்களிடம் போகிறவர்கள் முதல் நாளிலேயே வெளிவேலை மதிப்பீட்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடி கட்டுவதா என்ற கேள்வியோடு வருகிறவர்களுக்கு இவர்கள் நல்ல ஆலோசனை சொல்வார்கள். விலை கூடிய மனையில் அதே பரப்பைக் கீழும் மேலுமாகக் கட்டினால் கடைக்காலும் மொட்டைமாடிப் பரப்பும் குறையும். மாடிப்படிக்கு ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ நூறு சதுர அடி போகும். எங்கள் மனையில் இடம் இருந்ததாலும் முதுமை நெருங்குவதாலும் ஒரே தளம் போதும் என்றோம். முகப்பு அலங்காரத்தை முதன்மையாகக் கருதுகிறவர்களுக்கு இந்த அலுவலகம் பொருந்தாது. அவர்களுடைய வரைபடங்கள் எளியவை. நான்கைந்து வீடுகளைப் பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும்.

பணம் தீர்ந்த நிலையில், சுற்றுச்சுவரை மட்டும் பொறியாளரிடம் சொல்லாமல், உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக் கிணற்றுத் தண்ணீரிலேயே கட்டினேன். வீட்டின் வெளிச்சுவர் ஒரு மழைக்காலத்தைக் கடந்தும் பூச்சு குலையாமல் இருக்கிறது. சுற்றுச்சுவரிலோ தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு உப்பு பூத்து, வண்ணம் பொரிந்து உதிர்கிறது. கேட் தாங்கும் இரண்டு தூண்களிலும் கம்பிக்கு நேராகப் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. சென்ற வாரம் பொறியாளரை அழைத்துக் காட்டினேன். தூண்கள் இரண்டையும் இடித்துக் கட்ட வேண்டும், சுவருக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் மறுபூச்சு போதும் என்று சொல்லி, அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மதிப்பீடு இன்னும் வரவில்லை. இந்த முறை லாரித் தண்ணீரையும் அதில் சேர்த்தே எழுதச் சொல்லியிருக்கிறேன்.